வெயில் பார்த்த தண்ணீர்

எழுபத்திரண்டு மணி நேரம் பம்பு நிற்காமல் ஓடியது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு முடுக்கியது, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நின்றது. மூன்று நாளாக டீசல் இரைச்சலோடு மல்லுக்கட்டிப் பேசிப் பழகியவர்கள், இரைச்சல் போன பிறகும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஜெயிச்சாச்சு!" என்று கூடாரமே அதிரக் கத்தினார் டேப் அண்ணன்.

நிலத்தடி நீர் ஆய்வுத் துறையில் கிணற்றுக்குள் அளவு நாடா இறக்குவது அவருடைய வேலை. நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே இருக்கும் பெட்டி கீச்சென்று கத்தும். தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று அவர் படித்துச் சொல்வார். அதனால் அந்தப் பட்டப்பெயர். துறையில் எல்லோருக்கும் ஒரு பெயர் உண்டு.

கூடாரத்தின் மூலையில், மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்குப் பூனை என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவள் அறைக்குள் வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வந்திருப்பதே மற்றவர்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வைத்தார்கள். நிலவியல் படித்தவள். தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. அலுவலகக் கூட்டங்களில் அவள் பேசிய நீளமான வாக்கியம் "சரி சார்."

இந்தச் சோதனைக்கு அவள்தான் பொறுப்பாளர். ஊருக்கு வெளியே பாறையில் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணறு. இது வருடம் முழுக்கத் தாங்கும் என்று துறை எழுதிக் கொடுத்துவிட்டால், எட்டுத் தெருவுக்கு ஆற்றிலிருந்து வரும் குழாயை நகராட்சி மூடிவிடும். அந்த ஆற்றுத் தண்ணீர் புதிய தொழிற்பேட்டைக்குப் போகும். எட்டுத் தெருவும் இந்த ஒரே கிணற்றை நம்பி நிற்கும். கிணறு தாங்காவிட்டால், கோடையில் அந்த எட்டுத் தெருவுக்கும் போக்கிடம் கிடையாது. அதில் மூன்றாவது தெருவில்தான் அவளும் அவள் அக்காவும் குடியிருந்தார்கள்.

"என்ன பூனை, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கோட்டைப் பாரு. இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு!" என்றார் டேப் அண்ணன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரையில் நீர்மட்டத்தின் கோடு முதல் ஒன்றரை நாள் சீராக இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டென்று இறங்குவதை நிறுத்தி, அதற்குப் பிறகு மேசை மாதிரி தட்டையாகப் போயிருந்தது. எடுக்கிற தண்ணீருக்கு ஈடாக எங்கிருந்தோ தண்ணீர் வந்து சேர்கிறது என்று அதற்கு அர்த்தம். எந்தப் பொறியாளரும் அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்த் தூங்குவார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை மழை பெய்ஞ்சுதா?"

"மழையா? நீ தூங்கிட்டு இருந்தப்ப கூட இல்ல. என் முதுகைப் பாரு, தோல் உரிஞ்சிருக்கு."

"பின்ன எப்படி நின்னுது?"

"அட, நிக்கறது நல்லதுதானேம்மா! இறங்கினாலும் அழுவே, நின்னாலும் அழுவியா?"

அவளை உறுத்தியது கோடு மட்டுமில்லை. யாரும் கேட்காமலேயே மணிக்கொரு முறை அவள் தண்ணீரின் சூட்டையும் அளந்து வைத்திருந்தாள். பாறைக்குள் அத்தனை ஆழத்தில் கிடக்கும் தண்ணீருக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. வருடம் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும். முதல் ஒன்றரை நாள் அப்படித்தான் இருந்தது. கோடு தட்டையான அதே சாயங்காலத்திலிருந்து சூடு மெல்ல ஏற ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் ஒன்றரை டிகிரி.

ஒன்றரை டிகிரி என்பது கைக்குத் தெரியாது. ஆனால் அது பூமிக்குள்ளேயே கிடந்த தண்ணீர் இல்லை. எங்கோ வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த தண்ணீர்.

"நான் குழாய் வழியா ஒரு நடை போய்ட்டு வரேன் அண்ணே."

இறைத்த தண்ணீரைக் கிணற்றிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய்த்தான் கொட்ட வேண்டும். பக்கத்தில் கொட்டினால் அது மறுபடியும் பூமிக்குள் இறங்கி, கிணற்றுக்கே வந்து சேர்ந்து, கணக்கைக் கெடுத்துவிடும். இது முதல் வருடப் பாடம். அதனால்தான் புதன்கிழமை அவளே நின்று, கேன்வாஸ் குழாயைத் துண்டு துண்டாக இணைத்து, மேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, சிறுபாலத்துக்குக் கீழே ஓடும் வாய்க்கால் வரை இழுத்துவிட்டிருந்தாள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைப் பம்பின் வாயிலேயே அளந்துவிடலாம் என்பதால், முதல் நாளுக்குப் பிறகு மறுமுனைக்கு யாரும் போகவில்லை.

அவள் போனாள். பாதி வழியில், மேட்டுக்கு அந்தப் பக்கம், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று உண்டு. முள்செடிகள் மறைத்திருப்பதால் கூடாரத்திலிருந்து தெரியாது. அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. துணி அடிக்கும் சத்தமும்.

செடியை விலக்கிப் பார்த்தாள். மூன்று வருடமாகக் காய்ந்து கிடந்த குழியில் இடுப்பளவு தண்ணீர். ஓரத்துப் பாறைகளில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான்கைந்து பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குழாயின் இணைப்பு கழற்றப்பட்டு, அதன் வாய் குவாரிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. சாலைப் பக்கம் போகவேண்டிய மீதிக் குழாய் உலர்ந்து, சப்பையாகக் கிடந்தது.

"வாம்மா ஆபீசர்!" என்றாள் ஒருத்தி. மூன்றாவது தெருவில் கடைசி வீடு. "ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா போர்வை எல்லாம் முடிச்சிருப்போமே!"

"இதை... யாரு இங்க விட்டது?"

"யாரு விடுவா? உங்க அக்காதான். அந்தப் பெரிய வால்வு சாவியை வெச்சு ஒரு தட்டு தட்டினா, கழண்டுடுச்சு. நல்லா இருக்கணும் மகராசி!"

"அவ கை பட்டா எல்லாம் நிறையும், எங்க குடத்தைத் தவிர!" என்று இன்னொருத்தி சொல்ல, குவாரி முழுக்கச் சிரிப்பு எதிரொலித்தது.

பூனை சிரிக்கவில்லை. குவாரியின் சுவரைப் பார்த்தாள். பாறையில் மேலிருந்து கீழாக நீண்ட வெடிப்புகள். கிணறு தோண்டியபோது வெளியே வந்ததும் இதே பாறை, இதே வெடிப்பு. இந்தக் குழியும் அந்தக் கிணறும் உள்ளுக்குள்ளே அண்டை வீட்டுக்காரர்கள்.

*

அக்கா நகராட்சியில் வால்வு திறப்பவள். எட்டு வருடமாகத் தினக்கூலி. ஒருநாள் விட்டு ஒருநாள், தெருவுக்கு ஒரு மணி நேரம். அவள் தோளில் சாய்த்துக்கொண்டு போகும் இரும்புச் சாவி அவள் மார்பளவு உயரம் இருக்கும். எட்டுத் தெருவின் வசவுகளும் அவள் தலையில்தான் விழும். திரும்பப் பத்து வசவு கொடுத்துவிட்டுத்தான் அவள் அடுத்த தெருவுக்குப் போவாள். அவர்கள் வீட்டில் பேச்சு முழுக்க அக்காவுக்கே போய்விட்டது, தங்கைக்கு மிச்சம் வைக்கவில்லை என்று அம்மா சொல்வதுண்டு.

அன்று மத்தியானம் சாவியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு உள்ளே வந்த அக்கா, தங்கை குளிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னடி, மூணு நாள் பேய்க்குக் காவல் இருந்தவ மாதிரி உட்கார்ந்திருக்கே? போய்த் தலைக்கு ஊத்து. வாளி ரொப்பி வெச்சிருக்கேன்."

"குழாயை ஏன் திருப்பினே?"

"எந்தக் குழாய்?"

"அக்கா."

"ஓ, அதுவா!" அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, திருப்பினேன். என்ன இப்போ? நல்ல தண்ணி, பளிங்கு மாதிரி, ராவும் பகலும் சாக்கடையில போய் விழுது. நான் இந்தப் பக்கம் ஒரு குடத்துக்கு ரெண்டு பேர் முடியைப் பிடிச்சுக்கறதைப் பிரிச்சு விட்டுட்டு வரேன். பார்த்துட்டு எப்படிப் போறது? வயிறு எரிஞ்சுது. ஒரு தட்டு தட்டினேன்."

"அது சாக்கடைக்குத்தான் போகணும். அதுதான் சோதனை."

"நல்ல சோதனை! தண்ணி இருக்கான்னு பாக்கறதுக்கு இருக்கற தண்ணியைக் கொட்டறது. இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சோமா?"

பூனை ஒரு பேனாவை எடுத்துத் தரையில் படம் போட்டாள். கிணறு. குவாரி. நடுவில் வெடிப்பு. இங்கே எடுத்தது அங்கே விழுந்து, அங்கே விழுந்தது இங்கே வந்து... கோட்டை மூன்று முறை சுற்றினாள். நான்காவது சுற்றில் அக்கா பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். புரிந்துகொள்வதில் அவள் எப்போதுமே வேகம்.

"அப்போ அந்தக் கிணத்துல தண்ணி இல்லையா?"

"இருக்கு. ஒரு பை மாதிரி. நிறைஞ்ச பை. ஊத்து கிடையாது. நீ திருப்பறதுக்கு முன்னாடி கோடு இறங்கிச்சு பாரு, அதுதான் நிஜம். அந்தக் கணக்குக்கு எட்டுத் தெருவுக்கும் விட்டா, நாலு மாசம் வரும். அஞ்சாவது மாசம் பம்பு காத்தை இறைக்கும்."

"அஞ்சாவது மாசம்னா கோடை."

"ஆமா."

அக்கா முந்தானையால் தரையில் இருந்த படத்தைத் துடைக்கப் பார்த்தாள். மை போகவில்லை.

"அடுத்த மாசம் நிரந்தரப் பட்டியல் வருதுடி," என்றாள். சத்தம் இல்லாத அக்காவின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எட்டு வருஷம். அரசாங்கச் சோதனையைக் கெடுத்தவள்னு தெரிஞ்சா பட்டியல்ல பேரு இருக்காது. சாவியையும் வாங்கி வெச்சுக்குவாங்க."

"உன் பேரு என் வாயில வராது."

"உன் வாயில எதுதான் வந்திருக்கு?"

பழக்க தோஷத்தில் சொன்னதுதான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

"நீ திருப்பினதை வேற யாராவது பார்த்தாங்களா? ஆபீஸ் ஆளுங்க?"

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் உருண்டன. "ஊரே பார்த்துச்சு. போய்க் குளி முதல்ல. நாத்தம் தாங்கல," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

*

துறை இயக்குநரின் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க விதவிதமான கற்கள் வைத்திருக்கும். முப்பது வருடமாகச் சேர்த்தவை. பாறையைக் கையில் எடுத்துப் பார்த்தே வயது சொல்லிவிடுவார் என்பார்கள். இந்தக் கிணற்றுக்கு இடம் குறித்தவரும் அவர்தான். தொழிற்பேட்டைக் குழுவில் துறையின் சார்பாக உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

"உட்காரும்மா. அறிக்கை கொண்டுவந்தியா?"

"இல்ல சார்."

"ஏன்? வரைபடம் பார்த்தேன். பிரமாதமா வந்திருக்கு. கோடு தட்டையா வந்தா என்ன அர்த்தம்?"

"எங்கிருந்தோ தண்ணி வந்து சேருதுன்னு அர்த்தம் சார்."

"அப்புறம் என்ன?"

"எங்கிருந்துன்னு பார்த்தேன் சார். நாம இறைச்ச தண்ணிதான். குழாயை வெள்ளிக்கிழமை யாரோ கல்குவாரியில திருப்பி விட்டிருக்காங்க."

அவர் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அதிர்ச்சி அடைந்தவராகத் தெரியவில்லை. ஏன் அதிர்ச்சி அடையவில்லை என்று அவளும் அப்போது யோசிக்கவில்லை.

"யாரோன்னா யாரு?"

அவள் மேசையிலிருந்த கற்களைப் பார்த்தாள்.

"இதோ பாரு. பொறுப்பாளர் நீ. குழாய் திரும்பியிருந்தா, திருப்பினது யாருன்னு சொல்லணும். சொல்லலைன்னா நீ கவனிக்கலைன்னு அர்த்தம். தகுதிகாண் பருவத்துல அப்படி ஒரு வார்த்தை கோப்புல ஏறிச்சுன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்." கல்லை வைத்தார். குரல் இன்னும் கனிந்தது. "உங்க அக்கா நகராட்சியில வால்வு வேலை பாக்கறாங்க இல்ல? பட்டியல் வருதாமே. நல்லது. குடும்பம் நிமிரும்."

"இன்னொரு தடவை சோதனை பண்ணலாம் சார். குழாயைச் சரியா விட்டு."

"வியாழக்கிழமை நகர்மன்றக் கூட்டம். அன்னிக்குச் சான்றிதழ் கொடுத்தாகணும். இத்தனை பேர் இருக்க, உன்னை ஏன் இந்தச் சோதனைக்குப் போட்டேன் தெரியுமா? வாயைத் திறக்காம வேலை பாக்கறவ. அந்த நல்ல பேரைக் காப்பாத்திக்கோ. கையெழுத்துப் போட்டுக் கொண்டா, போ."

அவள் எழுந்தாள். கதவு வரை போனாள். "சரி சார்" என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒன்றரை வருடமாக அது தானாகவே விழும். அன்றைக்கு அவள் பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள். ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். அந்த மௌனமும் வழக்கமான மௌனமும் ஒன்றில்லை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

*

மறுநாள் காலை டேப் அண்ணன் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பூனை, பின்னாலிருந்து ஒரு மூட்டையை இழுத்தாள்.

"என்னம்மா இது?"

"உப்பு."

"ஒரு மூட்டையா? எந்த வீட்டுக்கு விருந்து?"

"குவாரிக்கு. ஒரு கை பிடிங்க அண்ணே. அப்புறம் பம்பை முடுக்கணும்."

டேப் அண்ணன் இடுப்பில் கை வைத்தார். "மேலிடத்து உத்தரவு இருக்கா?"

"இல்ல."

"இல்லையா?"

"இல்ல அண்ணே. நான்தான் சொல்றேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மேட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்தார். "பூனை கத்தினதை நானே என் காதால கேட்டேன்னு சொன்னா, ஆபீஸ்ல ஒருத்தன் நம்ப மாட்டான்," என்று முனகிக்கொண்டே தூக்கினார்.

குவாரியில் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. உப்பைக் கொட்டிக் கலக்கினார்கள். பிறகு பம்பு ஓடியது. இந்த முறை குழாய் வாய்க்கால் வரை போனது. அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கிணற்றுத் தண்ணீரைக் கால் மணிக்கு ஒருமுறை பிடித்து, உப்பு காட்டும் மீட்டரின் முனையை அதில் நனைத்துப் பார்த்தாள். காலை முழுக்க முள் அசையவில்லை. டேப் அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "சப்புன்னுதான் இருக்கு" என்றார். நாக்குக்குத் தெரியாது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவள் விட்டுவிட்டாள்.

மத்தியானத்துக்குமேல் முள் நகர்ந்தது. முதலில் சந்தேகப்படும்படி. பிறகு சந்தேகமே இல்லாமல். நான்கு மணிக்கு அது காலையில் இருந்ததைப்போல இரண்டு மடங்கில் நின்றது.

"குவாரியில போட்ட உப்பு கிணத்துக்கு வந்துடுச்சு," என்றாள். சொல்லிவிட்டு, தான் சத்தமாகச் சொன்னதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

நகர்மன்றக் கூடத்தில் மின்விசிறிகள் எல்லாம் சுற்றின. காற்று மட்டும் வரவில்லை. மேடையில் தலைவர், பக்கத்தில் இயக்குநர், தொழிற்பேட்டையிலிருந்து வந்திருந்த இருவர். கீழே எட்டுத் தெருவின் ஆட்கள். கடைசி வரிசையில் நகராட்சியின் தினக்கூலிகள். கைதட்ட ஆள் வேண்டும் என்று அவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா அங்கே உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளாக அக்காவும் தங்கையும் உப்பு இருக்கிறதா, தாழ்ப்பாள் போட்டாயா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

இயக்குநர் பேசினார். நன்றாகப் பேசுவார். பூமியின் வயிறு, பாறையின் நரம்பு என்றெல்லாம் சொல்லிவிட்டு, "எழுபத்திரண்டு மணி நேரம் விடாம இறைச்சோம். ஒன்றரை நாளுக்கு மேல மட்டம் ஒரு விரற்கடை இறங்கல. இந்தக் கிணறு தாங்கும்!" என்று முடித்தார். கைதட்டல். "சோதனை நடத்தின எங்க இளம் அதிகாரி இப்போ கையெழுத்துப் போடுவாங்க."

பூனை எழுந்து மேடை ஏறினாள். மேசையில் சான்றிதழும் பேனாவும் தயாராக இருந்தன. பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டாள். மேசையிலேயே வைத்தாள்.

"இந்தக் கிணறு தாங்காது," என்றாள்.

ஒலிபெருக்கி அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் குரல் சின்னது. கேட்க வேண்டுமென்றால் எல்லோரும் வாயை மூட வேண்டும். மூடினார்கள்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து இறைச்ச தண்ணி கல்குவாரிக்குப் போச்சு. அங்கேர்ந்து பாறை வெடிப்பு வழியாக் கிணத்துக்கே திரும்பி வந்துச்சு. அதனாலதான் மட்டம் இறங்கல. அதுக்கு முன்னாடி இறங்கினதுதான் உண்மைக் கணக்கு. அந்தக் கணக்குப்படி நாலு மாசம். ஆத்துக் குழாயை மூடிட்டா, கோடையில எட்டுத் தெருவுக்கும் ஒண்ணும் இருக்காது."

கூடம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. தலைவர் மேசையைத் தட்டினார். இயக்குநர் சிரித்த முகத்தை மாற்றாமலே எழுந்தார்.

"சின்னப் பொண்ணு, அனுபவம் போதாது. ஆதாரம் இருக்காம்மா?"

"தண்ணி ஒன்றரை டிகிரி சூடாச்சு சார். பூமிக்குள்ள வெயில் அடிக்காது. அப்புறம் குவாரியில உப்புக் கொட்டிப் பார்த்தேன். கிணத்துல வந்துச்சு."

"யாரோட அனுமதியில உப்புக் கொட்டினே?"

"என்னோட அனுமதியில."

கீழே யாரோ விசிலடித்தார்கள். டேப் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். இயக்குநரின் சிரிப்பு இப்போது போயிருந்தது.

"சரி. குழாய் திரும்பிச்சுன்னே வெச்சுக்கலாம். யாரு திருப்பினாங்க? எட்டுத் தெரு ஜனங்களும் இங்கதான் இருக்காங்க. அவங்க முன்னாடி பேரைச் சொல்லு."

அவள் சான்றிதழைத் தள்ளி வைத்தாள்.

"சொல்லும்மா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

"அப்போ உன் கவனக்குறைவு. தப்பு உன்னோடது."

"என் தப்புன்னே எழுதிக்கங்க சார்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "வேலையை விட்டு அனுப்பணும்னாலும் அனுப்புங்க. ஆனா தாங்கும்னு என் கை எழுதாது. வேற யாரு எழுதினாலும், எட்டுத் தெருவுக்கும் வீடு வீடாப் போய், அது பொய்னு சொல்லுவேன்."

"நீ? வீடு வீடாப் போய்ப் பேசுவே?"

"பேசுவேன் சார். இப்போ பேசறேன்ல?"

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டு நகர்ந்தது. திரும்பாமலே அது யார் என்று பூனைக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அக்கா அவளைப் பார்க்கவே இல்லை.

"அவ சொல்ல மாட்டா. புடிவாதக்காரி, சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்," என்றாள் அக்கா. அவளுக்கு ஒலிபெருக்கி என்றைக்கும் தேவைப்பட்டதில்லை. "நான்தான் திருப்பினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், என் வால்வு சாவியால."

"ஏம்மா, உட்காரு," என்றார் தலைவர். "நீ தினக்கூலி. உன்னை யாரும் கேட்கல."

"தினக்கூலிக்கு நாக்குக்கும் சேர்த்தா கூலி கொடுக்கறீங்க? இருங்க, இன்னும் முடிக்கல."

அக்கா இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள். சாவி இல்லாத அவள் தோள் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. மேடைக்குக் கீழே நின்று, நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தாள்.

"எனக்கு இந்தக் கோடு, டிகிரி எல்லாம் தெரியாது. சாக்கடைக்குப் போற தண்ணி வீணாப் போகுதேன்னு திருப்பினேன். தப்புதான், என் பேரை அடிச்சுக்கங்க. ஆனா சனிக்கிழமை காலையில நான் குவாரி ஓரம் நின்னுட்டு இருந்தப்ப ஒரு ஜீப் வந்துச்சு. இந்த ஐயாதான் இறங்கினார். தண்ணியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கிணறு இருக்கற திக்கைப் பார்த்தார். யாரு விட்டதுன்னு கேட்டார். நான்தான்னு சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். திட்டல. 'அப்படியே இருக்கட்டும், எடுக்காதே, உன் தங்கச்சிகிட்ட கூடச் சொல்லாதே, பட்டியல்ல உன் பேரு வர்றதுக்கு நான் ஆச்சு'ன்னு சொல்லிட்டு ஜீப்ல ஏறிப் போயிட்டார்."